பட்டறைத் தரைக்கு அடிமண்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் பட்டறை, வெல்டிங் பட்டறை என்று சொந்தத் தொழில் தொடங்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்து வருகிறோம். சேமித்த பணத்தையெல்லாம் சிமெண்டுக்கே கொட்டிவிடுகிறார்கள். தரை வெடிப்பதோ பல இடங்களில் அடிமண்ணின் கோளாறால்தான்.

தோட்டத்து நிலமானால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

ரப்பர் நின்ற நிலத்தில் மரம் போனாலும் வேர் போவதில்லை. அது மக்கினால் உள்ளே பொந்து விழும். தரை அங்கே தொங்கும். ஆகவே கட்டை, வேர் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, கறுப்பு மேல்மண்ணை உறுதியான மண் தெரியும்வரை வழித்துவிட வேண்டும். அது கீரைப்பாத்திக்கு நல்லது. தரைக்கு அடியில் ஆகாது.

நிரப்புவதற்கு நம் பக்கத்துச் செம்புராங்கல் சரளை ஏற்றது. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்து எழுப்பிய கோட்டையிலும் செம்புராங்கல்தான். சரளையை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடிப்பது வீண் வேலை. திமிசுக்கட்டையின் அடி ஆழத்துக்குப் போகாது. 4 அங்குலம் பரப்பி இடியுங்கள், பிறகு அடுத்த படை. பதம் முக்கியம்: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. காய்ந்த மண்ணும் இறுகாது, சேறும் இறுகாது. நம் ஊர் மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை! மாலையில் மூடி வையுங்கள். நனைந்து குழைந்த படையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அதன்மேல் இடிக்காதீர்கள்.

குதிகாலை ஊன்றினால் தடம் பதியாத அளவுக்கு இறுகியபின் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் 4 அங்குலக் காங்கிரீட்டு. லாரி ஏறுமானால் 6. ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். அதற்குள் கூரைத்தண்ணீர் விழும் பக்கம் வாய்க்கால் வெட்டிவிடலாம்.