1857-ஆம் ஆண்டின் நினைவுத் தேசப்படம்



நம் சங்க மண்டபத்தில் இன்று மாட்டப்பெறும் தேசப்படம், 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது கங்கைச் சமவெளி இருந்த நிலையைக் காட்டுவதாகும். நாம் குடியேறி வாழும் இக்கான்பூர் அதன் நடுவே அமைந்துள்ளது. இத்தகைய படத்தில் எவற்றைக் குறித்தல் வேண்டும் என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

மே 10-ஆம் நாள் மீரட்டில் மூண்ட கிளர்ச்சி மறுநாளே டில்லியை எட்டியது. ஜூன் முடிவதற்குள் லக்னோ, கான்பூர், ஜான்சி, அலகாபாத் ஆகிய ஊர்களும் எழுந்தன. நானா சாகிப் வாழ்ந்த பிட்டூர் நமக்கு அண்மையில் உள்ளது. இவ்வூர்களுக்குச் சிவப்புப் புள்ளி இடுதல் எளிது.

அடக்க வந்த படைகளின் வழியையும் வரைதல் வேண்டும். ரயில்வேயில் உழைக்கும் நமக்கு அது எளிதில் விளங்கும். கல்கத்தாவின் எதிர்க்கரையிலுள்ள ஹௌராவிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை அந்நாளில் சுமார் 120 மைல் ஓடி ராணிகஞ்சோடு நின்றது. அதற்கப்பால் கிராண்ட் டிரங்க் சாலையும் மாட்டுவண்டியுமே. கான்பூருக்கு ரயில் வந்தது 1859-இல்தான்.

அவ்வழியே வந்தவற்றுள் ஒன்று, சென்னையில் கப்பலேறிய ஐரோப்பியத் துப்பாக்கிப் படை. தளபதி கர்னல் நீல். அலகாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் நீலின் ஆட்சியில் தூக்கிலிடப்பட்டோர் மிகப் பலர். லக்னோவில் மாண்ட அத்தளபதிக்குச் சென்னை மவுண்ட் ரோடில் சிலை நின்றது. அதனை அகற்றக் கோரி 1927-இல் தமிழர் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தனர். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை அச்சிலையைக் காட்சிசாலைக்கு அனுப்பிற்று. ஆதலின் சென்னையிலிருந்தும் ஒரு கோடு இப்படத்தில் வரையப்பட்டுள்ளது.

இவ்வூரின் கறையையும் மறைத்தல் ஆகாது. ஜூன் 27-ஆம் நாள் சத்தீ சௌரா துறையில், அபயம் அளித்துப் படகேற்றிய ஆங்கிலேயர் சுடப்பட்டனர். ஜூலை 15-ஆம் நாள் பீபீகரில் பெண்டிரும் குழந்தைகளும் வெட்டுண்டனர். அவர்கள் உடல்கள் வீசப்பட்ட கிணற்றின்மேல் ஆங்கிலேயர் பளிங்குத் தேவதையை நிறுவினர். தூக்கில் தொங்கிய கிராமத்தாருக்கு அவர்கள் ஒரு கல்லும் நடவில்லை. நம் படம் இருசாராருக்கும் ஒரே அளவில் புள்ளி இட்டுள்ளது.

இம்மண்ணில் பிறந்த நம் குழந்தைகள், இது பிறர் ஊர்க் கதை என எண்ணற்க. பெற்றோர் விடுமுறை நாட்களில் இவ்விடங்களுக்கு அவர்களை அழைத்துச் சென்று, படத்தோடு ஒப்பிட்டுக் காட்டுமாறு வேண்டுகிறோம்.