சீட்டு போடுற இடத்துலயே சிகிச்சை ஆரம்பிக்குது!

அரசு மருத்துவமனைப் பணியாளர் பாராட்டுக் கூட்டத்தில் நமது மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரை:



ஆஸ்பத்திரின்னா டாக்டர், நர்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா நோயாளி முதல்ல பார்க்குற முகம் எது? ஓ.பி. சீட்டு போடுற கவுன்ட்டர்ல இருக்குற உங்க முகம்தான்!

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 1664-இல் தொடங்கியது. திருத்தணிப் பக்கத்துலேருந்து ரயிலேறி வர்ற பாட்டியும் அங்கேதான் வர்றாங்க. பீகார், ஒடிசாவிலேருந்து கட்டட வேலைக்கு வந்த தம்பியும் அங்கேதான் வர்றான். ஒருத்தருக்குப் படிக்கத் தெரியாது, இன்னொருத்தருக்குத் தமிழ் தெரியாது. எந்த பிளாக், எங்க ரத்தம் கொடுக்கணும், காப்பீட்டுக்கு யாரைப் பார்க்கணும், எதுவும் புரியாது. "உட்காருங்கம்மா, நான் சொல்றேன்"னு நீங்க சொன்னா பாதி பயம் போயிடும். விரட்டினா வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. அப்புறம் நோய் முத்தித்தான் வருவாங்க.

1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை. உச்ச நீதிமன்றம் 1996-இல் என்ன சொன்னது? அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது. பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

அந்த உரிமையை வாசலிலேயே காப்பாத்துறவங்க நீங்க. ஆனா ஒரே ஆள், முன்னாடி நீண்ட வரிசை, ஒப்பந்த வேலை! பரிவை மட்டும் கேட்டுட்டு ஆள் கொடுக்காம இருந்தா நியாயமா?

நமது கோரிக்கைகள்:
✊ காலிப் பணியிடங்களை நிரப்பு!
✊ ஒப்பந்தப் பணியாளர்களை நிரந்தரமாக்கு!
✊ பெரிய மருத்துவமனைகளில் இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த உதவியாளரை நியமி!

நம்ம தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கரை வேட்டியைக் காட்டி வரிசையைத் தாண்டாதீங்க. கவுன்ட்டர்ல குரலை உயர்த்தாதீங்க. முடிஞ்சவங்க, ஆஸ்பத்திரியில அனுமதி வாங்கி, காலை ஓ.பி. நேரத்துல போய் நில்லுங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுங்க, வழி தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அதுதான் கட்சி வேலை!



#மக்கள்மருத்துவம் #பணிநிரந்தரம்