குளிரில் குறையும் கிலோமீட்டர்: டயரில் மிச்சம் பிடிக்கலாமா?



மின்சாரக் கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஒரு முறை மின்னூட்டம் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். விற்பனையாளரும் 400 என்றோ 500 என்றோ ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் பொய்யல்ல. ஆனால், எந்த நிலையில் அளந்த எண் அது என்று கேட்பவர்கள் குறைவு. ஐரோப்பாவில் அந்த அளவு சோதனைக்கூடத்திற்குள், 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுக்கப்படுகிறது. அங்கே பனி இல்லை, மேடு பள்ளம் இல்லை. காரின் ஹீட்டரும் ஏசியும் அணைக்கப்பட்டிருக்கும்.

அதே காரை உறைபனியில் ஓட்டினால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்ல நார்வேயைவிடப் பொருத்தமான நாடு இல்லை. 2025-ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறைய 96 விழுக்காடு மின்சாரக் கார்கள். அந்த நாட்டின் குளிர்காலமோ நீண்டது, கடுமையானது. என்.ஏ.எஃப். என்று அழைக்கப்படும் நார்வே வாகனமோட்டிகள் சங்கம் 2020-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் 20 மின்சாரக் கார்களை எடுத்து, மின்சாரம் தீர்ந்து நிற்கும் வரை ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தைவிடச் சராசரியாக 18.5 விழுக்காடு குறைவாகவே அவை ஓடின.

அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகனமோட்டிகள் சங்கம் 2019-இல் வெளியிட்ட சோதனை முடிவு இன்னும் தெளிவானது. மைனஸ் 7 டிகிரி குளிரில், ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது தூரம் 12 விழுக்காடு குறைந்தது. ஹீட்டரைப் போட்டபோது 41 விழுக்காடு குறைந்தது. ஆக, தூரத்தைத் தின்பது குளிர் மட்டுமல்ல. குளிரிலிருந்து மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் செலவே பெரிது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் காரில் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. குளிர் நாட்டில் அந்த வீண் வெப்பமே காருக்குள் இருப்பவர்களைச் சூடாக வைத்திருக்கிறது. அதற்குத் தனிச் செலவு இல்லை. மின்சார மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. அது அதன் பெருமை. ஆனால், அதனாலேயே உட்புறத்தைச் சூடாக்கப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவு. அந்தக் கார் 400 கிலோமீட்டர் ஓடும். அதன் ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், 90 கிலோமீட்டர் பயணத்தில் ஹீட்டருக்கு ஆகும் செலவு 3 யூனிட். பனி பெய்து, நெரிசல் ஏற்பட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், அதே தூரத்திற்கு 9 யூனிட். மெதுவாக ஓட்டினால் மின்சாரம் மிச்சம் என்ற நினைப்பு கடுங்குளிரில் எப்போதும் பலிப்பதில்லை.

பல புதிய கார்களில் ஹீட் பம்ப் பொருத்தப்படுகிறது. இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தையும் மோட்டாரின் வெப்பத்தையும் இழுத்து உள்ளே விடுகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டு, மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். குளிர் முற்ற முற்ற அந்த ஆதாயம் குறையும்.

பேட்டரியும் குளிரில் சோர்ந்துபோகிறது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் தடித்து, மின்னோட்டத்திற்குத் தடை அதிகமாகிறது. உறைநிலைக்குக் கீழே வேகமாக மின்னூட்டம் செய்தால், லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். ஆகவே, காரின் கணினியே மின்னூட்ட வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய மின்சாரமும் குளிர்ந்த பேட்டரிக்குள் முழுமையாகப் போவதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கடுங்குளிர் தாக்கியபோது, மின்னூட்ட நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்த காட்சி உலகெங்கும் செய்தியானது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

இனி டயருக்கு வருவோம். கார் ஓடும்போது டயரின் அடிப்பகுதி சாலையில் அழுந்தித் தட்டையாகிறது, பிறகு பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. அழுந்தும்போது ரப்பர் வாங்கிக்கொள்ளும் சக்தி முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. இதுதான் உருளும் தடை. குளிரில் ரப்பர் விறைத்திருப்பதால் இந்த இழப்பு கூடுகிறது.

இதில் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் எவ்வளவு வேறுபாடு? ஒரு டன் எடைக்கு 7 கிலோ அளவில் தடை தரும் டயரும் உண்டு, 10 கிலோ அளவில் தடை தரும் டயரும் உண்டு. 1,800 கிலோ எடையுள்ள காரில் முதல் வகையைக் கழற்றிவிட்டு இரண்டாம் வகையைப் பூட்டினால், 100 கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை யூனிட் கூடுதலாகச் செலவாகும். மேலே சொன்ன 400 கிலோமீட்டர் கார் அப்போது 364 கிலோமீட்டர்தான் ஓடும்.

காற்றழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் 250 கிலோபாஸ்கல் காற்று நிரப்பிய டயரில், மைனஸ் 10 டிகிரி குளிரில் ஏறக்குறைய 215 கிலோபாஸ்கல்தான் இருக்கும். டயரில் ஓட்டை எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று சுருங்கியதுதான் காரணம். அழுத்தம் குறைந்த டயர் அதிகமாக அழுந்தும், அதிகச் சக்தியைத் தின்னும். டயரின் ஓரங்களும் சீக்கிரம் தேயும். போதாததற்கு, மைனஸ் 10 டிகிரியில் வெளிக்காற்று 20 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியாகிவிடுகிறது. நெடுஞ்சாலையில் கார் அதையும் கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

எதில் சிக்கனம் கூடாது?

இங்கேதான் சிலருக்கு ஆசை வருகிறது. குளிர்கால டயர் மென்மையான ரப்பரால் ஆனது. பனியைப் பற்றிக்கொள்ள அதில் நுண்ணிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஆகவே அதன் உருளும் தடை பொதுவாகச் சற்று அதிகம். "கோடைக்கால டயரையே இன்னும் சில வாரம் ஓட்டினால் சில கிலோமீட்டர் மிச்சமாகுமே" என்று எண்ணத் தோன்றும்.

அந்தக் கணக்கு ஆபத்தானது, நேயர்களே. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனிக்கட்டி படர்ந்த சாலையில் அந்த டயர் வழுக்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும், சாலைக்கும் காருக்கும் இடையே உள்ள தொடர்பு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அது பிடிக்காவிட்டால் எந்தக் கணினியும் காரை நிறுத்தாது. மின்சாரக் கார் பேட்டரியின் சுமையால் கூடுதல் எடை கொண்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நார்வே சட்டம் குளிர்காலத்தில் டயரின் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்வது காரணமில்லாமல் அல்ல.

அப்படியானால் இழந்த தூரத்தை எங்கே மீட்பது? புறப்படுவதற்கு முன்பே மீட்க வேண்டும். கார் வீட்டு மின்னிணைப்பில் இருக்கும்போதே உட்புறத்தையும் பேட்டரியையும் சூடாக்கிக்கொண்டால், அந்தச் செலவு பேட்டரியின் கணக்கில் விழாது. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிரப்ப வேண்டும். காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் கொதிக்க வைப்பதைவிட இருக்கைச் சூடேற்றியைப் பயன்படுத்துவது சிக்கனம். வழியில் மின்னூட்டம் செய்ய நினைத்தால், அந்த நிலையத்தை முன்கூட்டியே காரின் வழிகாட்டியில் குறித்துவிட வேண்டும். பல கார்கள் அங்கு போய்ச் சேரும்முன் பேட்டரியைத் தாமாகவே சூடாக்கிக்கொள்ளும்.

நார்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்தின் மேல் செல்லும் 7-ஆம் எண் சாலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் போகிறது. பனிப்புயல் நேரத்தில் அங்கே தனியாகப் போக விடமாட்டார்கள். பனி அள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டும். முறை வரும் வரை காத்திருக்கவும் நேரிடும். அந்த நேரத்தில் 30 யூனிட் கையிருப்புள்ளவர் மணிக்கு 2 யூனிட் செலவில் பல மணி நேரம் கதகதப்பாக இருந்துவிட்டு மலையையும் கடந்துவிடுவார். 5 யூனிட்டோடு வந்தவர் ஹீட்டரையா, பயணத்தையா, எதைக் கைவிடுவது என்று தவிப்பார். வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பனி பெய்யாது. ஆனாலும் இந்தப் பாடம் இங்கும் பொருந்தும். அதே ஏ.ஏ.ஏ. சோதனையில், 35 டிகிரி வெயிலில் ஏசியைப் போட்டு ஓட்டியபோது தூரம் 17 விழுக்காடு குறைந்தது. இங்கே பனிக்குப் பதில் அடைமழை. ஐரோப்பிய டயர் முத்திரையில் உருளும் தடைக்கு ஓர் எழுத்தும், ஈரச் சாலையில் பிடிப்புக்கு ஓர் எழுத்தும் தனித்தனியே இருக்கும். அடுத்த முறை டயர் மாற்றும்போது முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது எழுத்தையும் பாருங்கள். முதல் எழுத்து எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதைச் சொல்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் கார் நிற்குமா என்பதைச் சொல்வது இரண்டாவது எழுத்து.