ஓடியாடும் மங்கையர்க்கு ஏற்ற உள்ளுடை



மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அதன்மீது துவிச்சக்கரவண்டியிற் செல்லும் பெண்ணின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை வண்டியைப் பிடிக்க வேண்டும். மறு கை பாவாடையைப் பிடிக்க வேண்டும். பாடசாலை மைதானத்திலும் இதே இடர்ப்பாடுதான். பந்தை எட்டிப் பிடிக்கப் பாய வேண்டிய மாணவி, உடை விலகுமோ என்று அஞ்சிப் பாயாது நிற்கிறாள். பருவமெய்திய சில மாதங்களுள் மைதானத்தையே மறந்துவிடும் சிறுமியர் பலர். இதற்குக் காரணங்கள் பலவாயினும், உடை பற்றிய கூச்சமும் அவற்றுள் ஒன்று. ஏனைய காரணங்களை நீக்க நெடுங்காலம் செல்லும். இதனை இன்றே நீக்கலாம்.

அதற்குத் துணை செய்வது, உடலோடு ஒட்டி நிற்கும் கட்டைக் காற்சட்டை. கடைகளில் இதனை ‘டைட்ஸ்’ என்றும் ‘சைக்கிளிங் ஷோர்ட்ஸ்’ என்றும் கூறுவர். பாவாடைக்குள்ளும், சல்வாருக்குள்ளும், பாடசாலைச் சீருடைக்குள்ளும் இதனை அணியலாம். வலைப்பந்தாட்ட வீராங்கனையர் குட்டைப் பாவாடையுள் அணிவதும் இத்தகைய உடையே. யாழ்ப்பாணத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இடம்பெற்ற இலங்கை அணி, 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றது. அத்தகைய ஆட்டத்திலே துள்ளுவோரின் கவனம் முழுவதும் பந்தின்மேல் இருக்க வேண்டுமன்றோ?

இத்துணிக்கு நீளும் தன்மையைத் தருவது ஸ்பாண்டெக்ஸ் என்னும் செயற்கை நூல். அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலார் 1958ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். லைக்ரா என்பது இதன் வணிகப் பெயர். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இழுபட்டுப் பின்னர் பழைய நிலைக்கு மீளும் ஆற்றல் இந்நூலுக்கு உண்டு. இறப்பர் நூல் வியர்வையாலும் வெயிலாலும் விரைவிற் கெடும்; இதுவோ அதனினும் நீடித்து உழைக்கும். நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலோடு இதனைச் சேர்த்தே துணி பின்னுகின்றனர்.

இறுக்கம் தசைக்கு வலுவூட்டும், ஓட்டத்தை விரைவுபடுத்தும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. அவற்றை அப்படியே நம்பவேண்டியதில்லை. பயிற்சிக்குப் பின் வரும் தசைநோவு சிலருக்குச் சிறிது குறையலாம். ஓட்டம் விரைவுபடும் என்பதற்கோ தெளிவான சான்றில்லை. தொடைகள் உரசித் தோல் புண்படாது காப்பதும், உடை விலகும் என்ற அச்சத்தை ஒழிப்பதுமே இதன் மெய்யான பயன்கள். ஆதலின், எது மிகவும் இறுக்கமானது என்று தேடாதீர்கள். எதை அணிந்தால் அணிந்திருப்பதே மறந்துபோகும் என்று தேடுங்கள்.

வாங்கும் முறை வருமாறு. முதலில் அளவு நாடாவால் இடையையும் இடுப்பின் அகன்ற பகுதியையும் அளந்துகொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறுபடுமாதலால், சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் குறிகளை மட்டும் நம்பவேண்டாம். அணிந்து பார்க்க வாய்ப்பிருந்தால் நின்று பார்த்தது போதாது. குந்தி எழுங்கள், காலை உயர்த்துங்கள், குனியுங்கள். இடைப்பட்டி சுருண்டால், அல்லது காலின் விளிம்பு மேலேறினால், அது உங்களுக்குரியதன்று. குனிகையில் துணி மெலிந்து உட்புறம் தெரியுமாயின் அதையும் விலக்குங்கள். தையல்கள் தட்டையாக இருத்தல் வேண்டும். தடித்த தையல் ஒரு மைல் நடப்பதற்குள் தோலை அறுக்கும். இரு கால்களும் கூடுமிடத்தில் பருத்தித் துண்டு வைத்துத் தைத்தது நன்று. நீளம், தொடைகள் உரசும் இடத்தைக் கடந்திருக்க வேண்டும்.

அன்றாட உடைக்கும் பயிற்சி உடைக்கும் வேறுபாடு உண்டு. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ கருவாடு உலர்த்தும் பெண் நாள்முழுதும் வெயிலில் நிற்பவள். அவளுக்கு மெல்லிய, காற்றோட்டமான, இறுக்கம் குறைந்த துணியே ஏற்றது. ஓடுபவளுக்கு வியர்வையை விரைவில் உலர்த்தும் செயற்கை நூலாடை பொருந்தும்; பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். மாதவிடாய் நாட்களில் கடும் நிறம் மனத்துக்கு ஆறுதல் தரும். இவ்வச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. வெள்ளை உடையே விதியென்றிருந்த விம்பிள்டன் டென்னிஸ் அரங்கில், வீராங்கனையர் பாவாடைக்குள் கடும் நிறக் காற்சட்டை அணிய 2023ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு.

நிற்க, சில எச்சரிக்கைகளும் அவசியம். தொடையில் விறைப்போ எரிவோ தோன்றினால், அல்லது கழற்றிய பின்னும் ஆழ்ந்த தடம் நெடுநேரம் மறையாதிருந்தால், அவ்வுடை மிகவும் இறுகியது என்பதை உணர்க. வியர்வையில் நனைந்ததை மணிக்கணக்காக அணிந்திருந்தால் படர்தாமரை போன்ற தோல்நோய்கள் பற்றும். பயிற்சி முடிந்ததும் மாற்றிவிடுங்கள். கருவுற்றோரும், நீரிழிவோ இரத்தவோட்டக் குறையோ உடையோரும் இறுகிய உடையணியுமுன் வைத்தியரைக் கேட்டறிதல் நலம்.

துவைப்பதிலும் கவனம் தேவை. கடலில் இறங்கியவர்கள் உப்புப் போக நன்னீரில் உடனே அலச வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பானும் கொதிநீரும் சூடான அழுத்திப்பெட்டியும் ஸ்பாண்டெக்ஸ் நூலுக்குப் பகையாகும். மென்மையான சவர்க்காரத்தால் தண்ணீரில் துவைத்து, முறுக்காமற் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். மன்னார் வெயிலில் நாள்தோறும் காயப்போட்டால் அதன் மீளுந்தன்மை விரைவிற் குன்றும். தொளதொளத்துப்போனது பயன் தராது, மாற்றவேண்டியதே.

தாய்மாரே, இவ்வுடையை நாணமற்றதென்று எண்ணி மகளை விலக்காதீர்கள். மேலே அவள் எதை அணிவது என்பது குடும்பத்தின் வழக்கத்தையும் அவளது விருப்பத்தையும் பொறுத்தது. உள்ளே இஃதொன்று இருந்தால், அவள் கூச்சமின்றி ஓடுவாள், குதிப்பாள், காற்றெதிரே இரு கைகளாலும் வண்டியைப் பிடித்துச் செல்வாள். அடுத்த பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முன், சப்பாத்து வாங்கும் பணத்தோடு இதற்கும் சிறிது ஒதுக்குங்கள்.