ஒரு மலைக் கழகத்தின் ஏடுகள்



இலக்கியம் என்றதும் கவிதை, நாவல், சிறுகதை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு சங்கத்தின் கூட்ட அறிக்கையையோ உறுப்பினர் பட்டியலையோ எவரும் இலக்கியம் என்பதில்லை. ஆயினும் அவற்றிலும் மனிதரின் ஆசையும் பிணக்கும் மனமாற்றமும் பதிந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட சில ஏடுகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே சியரா நெவாடா என்றொரு மலைத்தொடர் உண்டு. அதன் பெயரைத் தாங்கி, 1892ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரிலே சியரா கழகம் தோன்றியது. இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜோன் மியூர் அதன் முதல் தலைவர். அவரோடு சேர்ந்து கழகத்தை உருவாக்கியவர்களுள் வொரன் ஒல்னி என்ற வழக்கறிஞரும் ஒருவர். தொடக்கத்தில் உறுப்பினர் 182 பேர். மலைகளை ஆராய்வது, அனுபவிப்பது, மக்கள் அவற்றை எளிதிற் சென்றடையச் செய்வது என்று நோக்கங்களை எழுதிவைத்தனர். மூன்றாவது நோக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1901இல் வில்லியம் கோல்பி என்பவர் கழகத்தாரை மலைக்கு அழைத்துச் செல்லும் கோடைப் பயணத்தைத் தொடங்கினார். முதற் பயணத்திலே 96 பேர் துவாலமி புல்வெளிக்குச் சென்று கூடாரமடித்துத் தங்கினர். மலையைக் கண்ணாற் கண்டவனே மலைக்காக வாய்திறப்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உல்லாசப் பயணத்தையும் இயற்கைப் பாதுகாப்பையும் அவர்கள் வேறுவேறாகப் பார்க்கவில்லை.

1906 ஏப்ரல் 18ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. தொடர்ந்து எழுந்த தீயிலே கழகத்தின் அலுவலகமும் அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. ஏடுகள் எரிவதென்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் 1893 முதல் கழகம் அச்சிட்டு அனுப்பிய சஞ்சிகை பல கைகளுக்குப் போயிருந்தமையால் தப்பியது. ஓரிடத்தில் இருந்தது அழிந்தது. பலரிடம் இருந்தது பிழைத்தது.

அடுத்துவந்த சோதனை தண்ணீரால் வந்தது. நகரத்தின் குடிநீருக்காக யொசெமிற்றி தேசியப் பூங்காவினுள் உள்ள ஹெற்ச் ஹெற்சி பள்ளத்தாக்கில் அணைகட்ட வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. கூடாதென்றார் மியூர். வேண்டுமென்றார் ஒல்னி. 1910இல் உறுப்பினரிடம் வாக்கெடுத்தார்கள். பள்ளத்தாக்கைக் காக்க 589 பேர். எதிராக 161 பேர். தாம் உருவாக்கிய கழகத்தை விட்டே ஒல்னி விலகினார். கிணற்று நீரை அளந்து இறைத்து வாழ்ந்தவர்கள் நாம். ஒரு நகரத்துக்குத் தண்ணீர் கேட்டவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த 161 என்ற எண்ணிக்கை ஏட்டில் இருப்பதால்தான், ஒரே மலையை நேசித்தவர்களும் பிரிய நேர்ந்தது என்பதை இன்று அறிகின்றோம்.

1913 டிசெம்பரிலே அணைக்கு அனுமதி தரும் சட்டத்தில் சனாதிபதி வில்சன் கையொப்பமிட்டார். மறு டிசெம்பரில் மியூர் காலமானார். 1923இல் அணை கட்டி முடிந்தது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது.

இனி அந்த மூன்றாவது நோக்கத்துக்கு வருவோம். மக்கள் எளிதிற் சென்றடைய வேண்டுமென்று விரும்பினார்கள் அல்லவா? வீதிகள் வந்தன, மோட்டார் வண்டிகள் வந்தன, சனக்கூட்டம் பெருகியது. விரும்பியது கிடைத்ததே வினையாயிற்று. 1951இல் அந்தச் சொற்களை நீக்கி, ‘பாதுகாப்பது’ என்ற சொல்லை இட்டார்கள். அரை நூற்றாண்டு அனுபவம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு நல்ல நாவலாசிரியன் பல அத்தியாயங்களில் காட்டும் மனமாற்றம் இதுவன்றோ?

கழகத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் புகைப்படத் தொகுப்புகளும் இன்று பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்குரொப்ற் நூலகத்தில் உள்ளன. மூத்த உறுப்பினர்களின் வாய்மொழி நினைவுகளையும் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். ஏடுகள் புகழ்பாட மட்டும் உதவுவன அல்ல. கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் இழிவாகக் குறித்த சொற்கள் மியூரிடமும் இருந்தன என்பதை 2020இல் கழகமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எழுதியது இருந்தது, ஆதலால் மறைக்க இயலவில்லை.

நேயர்களே, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திலும் கூட்ட அறிக்கைக் கொப்பி ஒன்று இருக்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அதை எடுத்துப் பாருங்கள். யார் முன்மொழிந்தார், யார் மறுத்தார் என்பதையெல்லாம் படியுங்கள். பின்னர் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வைத்துவிடுங்கள்.