தலையெழுத்தா? ஊசி மருந்தா?

நீரிழிவு கண்ட குழந்தை பிழைக்காது. அது அதன் தலையெழுத்து, முன்ஜென்ம வினை என்று நமக்குச் சொல்லி வைத்தார்கள். வைத்தியர்களோ குழந்தையைப் பட்டினி போட்டுச் சாவைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான் அன்று முடிந்தது.

1922 ஜனவரி 11-ந் தேதி, கனடா தேசத்து டொராண்டோவில், 14 வயதுப் பையன் லியோனார்ட் தாம்சனுக்கு மாட்டுக் கணையத்தின் சத்தை ஊசியாகப் போட்டார்கள். சரியாகப் பலிக்கவில்லை. உடனே "விதி வலியது" என்று கையைக் கட்டிக்கொண்டார்களா? இல்லை. மருந்தில் கசடு இருக்கிறதென்று கண்டு, காலிப் என்பவர் அதைச் சுத்தம் செய்தார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கிற்று. பையன் 1935 வரை உயிரோடிருந்தான். அப்படியானால் பிரமன் எழுதிய எழுத்து எங்கே போயிற்று?

அதோடு நின்றதா? 1955-க்குள் சாங்கர் என்ற அறிஞர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்தார். ஒரு புரதத்தின் முழு அமைப்பும் தெரிந்தது அதுவே முதல் தடவை. 1978-ல் சாதாரணக் கிருமியையே மனித இன்சுலின் செய்ய வைத்தார்கள்.

தோழர்களே! இன்று "எல்லாம் அவன் செயல்" என்பவரும் ஊசி போட்டுக்கொண்டுதான் கோவிலுக்குப் போகிறார். காரியம் தவறினால் விதியை நோகாதீர்கள். தவறு எங்கே என்று தேடுங்கள். பகுத்தறிவு என்பது அதுதான்.