வணிகம் கற்க வருவோரும் வணிகத் தமிழும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் அயல்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் சில வாரங்கள் வணிகம் பயிலச் சிங்கப்பூருக்கு வருகின்றனர். பிராஸ் பாசா வட்டாரத்து மேலாண்மைப் பல்கலைக்கழகம் முதலாக இங்குள்ள பல்கலைக்கழகங்கள் இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. வகுப்பில் நிதியும் சந்தையும். வெளியே நிறுவனங்களைக் காணும் பயணம். இடையே ஒரு பிற்பகல் லிட்டில் இந்தியா. அந்தப் பிற்பகலைப் பற்றியதே என் கவலை. பூமாலை, கோயில், வாழையிலைச் சாப்பாடு என அது 'பண்பாடு' என்னும் தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது. வணிகம் ராஃபிள்ஸ் பிளேசில் மட்டுமே நடப்பது என்ற எண்ணத்தோடு அவர்கள் விமானம் ஏறுகின்றனர்.

அந்த ராஃபிள்ஸ் பிளேசுக்கு அருகிலுள்ள மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர் செட்டித் தெரு என்றே வழங்கினர். அங்கிருந்த கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல வட்டிக்கடைகள் இயங்கின. ஆளுக்குச் சிறிது இடம், ஒரு கணக்குப் பெட்டி, அமரத் தரை; அவ்வளவே. 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்கள் இவர்களே. செட்டிநாட்டு இளைஞன் கடல் கடந்து வந்து பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான், அடுத்தாளாக உயர்வான், பின்னரே முதலாளியின் முகவராவான். முகவருக்குத் தவணை பொதுவாக மூன்றாண்டு. இதுவும் அயல்நாட்டு வணிகப் படிப்புத்தான். சான்றிதழ் மட்டும் இல்லை.

இப்பயணத்தை நகரத்தார் 'கொண்டுவிக்கப் போதல்' என்றனர். சரக்கைக் கொண்டுசென்று விற்ற காலத்துச் சொல், பணமே சரக்கான பின்னும் நிலைத்தது. பையன் கற்றது சிட்டை, பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை, நடப்பு வட்டி. இவற்றுள் ஐந்தொகையைத் தமிழகத்து வணிகவியல் பாடநூல்களும் எடுத்தாண்டன. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடி உருவாக்கிய சொல் அன்று அது!

மலாய்மொழியையும் சற்றுப் பாருங்கள். கடைக்குக் 'கெடாய்', மூலதனத்துக்கு 'மோடால்', கப்பலுக்குக் 'காப்பால்'. கடை, முதல், கப்பல் என்பனவே இவ்வடிவம் கொண்டன. மூலதனத்தின் பெயரையே பிறமொழியார் கடன் வாங்கினர் என்றால், அதைக் கொண்டுவந்தோரின் மொழி சந்தையில் செல்லுபடியாகியிருக்க வேண்டும்.

இன்றைய நிலை வேறு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே. வீட்டைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். கடையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தேக்காவுக்கு அருகே பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அடுத்தடுத்து உள்ளன. இரண்டுக்கும் எருமை என்றே பொருள். மாட்டு வணிகம் செழித்த அவ்வட்டாரத்தின் நினைவை ஆங்கிலமும் மலாயும் பேணுகின்றன. எருமை என்ற சொல்லைத் தெருப்பெயரில் காணோம். நம் அமைப்புகளும் தமிழைக் கவிதைப் போட்டிக்கும் பட்டிமன்றத்திற்கும் உரியதாகவே வைத்திருக்கின்றன. கடைக்காரர் ஒருவரை வணிகத் தமிழ் பற்றிப் பேச எத்தனை மேடைகள் அழைத்திருக்கின்றன?

ஆகவே, கோடைப்படிப்பை நடத்துவோரிடம் ஒன்று வேண்டுவேன். அந்தப் பிற்பகலில் மாணவர் இருவர் இருவராக ஒரு காய்கறிக் கடையிலோ பூக்கடையிலோ, உரிமையாளரின் இசைவோடு, மூன்று மணிநேரம் இருக்கட்டும். தமிழறிந்த உள்ளூர் மாணவர் ஒருவர் உடனிருக்கட்டும். சரக்கு தருபவரோடு எந்த மொழி? பேரம் எந்த மொழியில்? கடன் சொல்வது எதில்? சில்லறையை வாய்க்குள் எண்ணுவது எதில்? இருமொழியாளர் பெரும்பாலும் தாம் கணக்குப் பயின்ற மொழியிலேயே எண்ணுவர். ஆகவே இறுதிக் கேள்வியைக் கூர்ந்து கவனிக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதும் குறிப்பேட்டின் படி ஒன்று இம்மன்றத்திற்கும் வரட்டும். அதைப் படித்துத் தொகுக்கும் பணியை நான் ஏற்கிறேன்.